பிரதி: ஒன்று

பசை உருக நாற்பது நிமிடம்.
நூற்று எழுபது டிகிரி ஏறும்வரை
எந்திரத்தில் யாரும் கை வைக்கக் கூடாது.
வெளியே காட்பாடிக்கு நாற்பத்திரண்டு.
இருக்கிற ஒரே ஏசி அச்சு எந்திரத்துக்கு.
காகிதம் வியர்த்தால் ஆகாதாம்.

தொட்டியில் கொட்டும்போது ஜவ்வரிசி,
பிறகு கூழ், பிறகு தேன் நிறம்.
அடிபிடித்தால் ராத்திரி முழுக்கச்
சுரண்ட வேண்டும்.
சுரண்டியிருக்கிறேன்.

இங்கே ஆயிரம் பிரதி கிடையாது.
கேட்டால்தான் புத்தகம்.
எங்கோ யாரோ போனில் விரல் வைத்தால்
இங்கே ஒரு சீட்டு நாக்கை நீட்டும்:
பக்கம் 208. முதுகு 10.5 மில்லி. பிரதி 1.

தாள்களைத் தட்டிச் சமன்செய்து
இடுக்கியில் நிறுத்திப் பெடலை மிதிப்பேன்.
கிர்ரென்று கத்தி முதுகைச் சீவும்.
வழவழ முதுகில் எதுவும் ஒட்டாது,
கொஞ்சம் காயம் வேண்டும்
என்று எந்திரம் பொருத்த வந்த பரிதாபாத் ஆள்
இந்தியில் சொன்னதைத்
தமிழில் சொன்னார் சூப்பர்வைசர் கமலநாதன்.
சக்கரம் பசை தடவும்.
அட்டை கீழிருந்து எழும்பிக் கட்டிப்பிடிக்கும்.
ஏழு விநாடி எண்ணுவேன்.
ஆறில் எடுத்தால் பல்லிளிக்கும்.

தேறாததற்கு ஒரு நீலக் கூடை.
அட்டை கோணியது, பசை வழிந்தது,
வெட்டுக்கத்தி எழுத்தைக் கடித்தது.
கூடைமேல் சிவப்பு மார்க்கரில்
'வேண்டாம்'.

சேர்ந்த முதல் நாள் கமலநாதன்
"வேண்டாம் எங்கேப்பா?" என்று கத்தினார்.
"இதோ சார்" என்று எழுந்து நின்றேன்.

பொன்னையில் எங்கள் வீட்டுக்கு நான் நாலாவது பெண்.
வைத்தவர்களுக்கு அது பெயரில்லை,
சாமிக்குப் போட்ட மனு.
மனு பலித்தது;
தம்பி ஓசூரில் டயர் கம்பெனியில் இருக்கிறான்.
பள்ளிக்கூடத்தில் யாரோ இரக்கப்பட்டு
ஒரு மணியைச் சேர்த்தார்கள்.
ஆதாரில் வேண்டாமணி.

ஐந்தாம் தேதி வாக்கில் மாதம் ஒரு சீட்டு வரும்.
வெ. மாசிலாமணி, பிச்சனூர், குடியாத்தம்.
எழுதியவரும் வெ. மாசிலாமணி.
கவுண்டன்யா ஆற்றில் தண்ணீர் வந்த தேதிகள்.
எப்போதாவது வருகிற ஆற்றுக்கு
இருநூற்றெட்டுப் பக்கம்!
பத்தொன்பது மாதமாகத் தானே கேட்டுத் தானே வாங்குகிறார்.
கல்யாணத்தில் மொய்க்கவரோடு கொடுப்பாரோ,
சலூன் பெஞ்சில் மறந்ததுபோல் விட்டு வருவாரோ.
அவர் முதுகளவு எனக்கு மனப்பாடம்.

இன்றைக்கும் அதே 208, அதே 10.5.
ஒரு கையால் அட்டையை வைத்துக்கொண்டே
மறு கையில் சீட்டைப் பார்த்தேன்.

ஷமீலா பர்வீன், கஸ்பா, ஆம்பூர்.

திரும்பவும் படித்தேன்.
அதற்குள் இடுக்கி இறங்கிவிட்டது.
அட்டை இரண்டு மில்லி விலகி
முதுகில் இருக்க வேண்டிய மாசிலாமணி
பாதி முகப்புக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மில்லிதானே, அனுப்பு" என்றார் கமலநாதன்.
"வேண்டாம் சார்."
பெயரைச் சொல்கிறேனா, கூடையைச் சொல்கிறேனா
என்று ஒரு நொடி விழித்தார்.
நான் பதிலைச் சொன்னேன்.

திரும்ப அடித்தோம்.
ஏழுக்குப் பதில் எட்டு எண்ணினேன்,
அவசியமில்லை என்று தெரிந்தே.
மூன்று பக்கமும் வெட்டி,
ஓரத்து நார்களை ஊதித் தள்ளி,
கட்டைவிரலால் முதுகைத் தடவிப் பார்த்தேன்.
காய்ச்சல் இறங்குகிற பிள்ளை மாதிரி
இன்னும் இளஞ்சூடு.
ஆம்பூர் மூட்டையில் மேலாக வைத்தேன்.
கீழே போனால் நசுங்கும்.

நீலக் கூடை சனிக்கிழமை எடைக்குப் போகும்.
கிலோ பதினொரு ரூபாய்.
கமலநாதன் டீக்குப் போன நேரம்
கோணலை மட்டும் எடுத்துப் பையில் போட்டேன்.

ஒன்பதரை பொன்னை பஸ்ஸில்
மடியில் விரித்தேன்.
ஒவ்வொரு பள்ளத்துக்கும் வரி குதித்தது.
பக்கம் அறுபத்தொன்று.

"நவம்பர் பத்தொன்பது. ராத்திரி இரண்டு பத்துக்கு வந்தது.
முதலில் சத்தம், பிறகு நுரை.
டார்ச் எடுத்துக்கொண்டு போனேன்.
தெருவில் யாரையும் எழுப்பவில்லை.
கணுக்கால் அளவு."